கீழ்வீட்டுக்குச் சேர வேண்டிய இசை

எந்த மேடையில் உட்கார்ந்தாலும், வாசிக்கத் தொடங்கும் முன் அக்கா இடதுகைச் சுண்டுவிரலால் பியானோவின் ஓரத்துக் கட்டை ஒன்றைச் சத்தமே எழாமல் அழுத்திப் பார்ப்பாள். ரசிகர்கள் அதைப் பிரார்த்தனை என்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் தியானம் என்றே எழுதிவிட்டார். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைக்குச் சிரிப்பு வரும். கதை அவளுக்கல்லவா தெரியும்.

அப்பா லிப்ட் மெக்கானிக். அவர் வேலை பார்த்த ஓட்டலை இடித்தபோது, ஓரங்கட்டியிருந்த பியானோவைக் கேட்டு வாங்கி வந்தார். அது லிப்டுக்குள் நுழையவில்லை. "ஊருக்கெல்லாம் லிப்ட் ஓட்டறீங்க, உங்க வீட்டுச் சாமான் மட்டும் படியேறி வருது" என்று அம்மா வாரினாள். நாலைந்து பேர் நாக்குத் தள்ள மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். எல்லாம் சரியாக இருந்தது, ஓரத்துக் கட்டை ஒன்றைத் தவிர. அதைத் தட்டினால் 'டொக்' என்று மரம்தான் பேசும். இன்றைக்காவது வாயைத் திற என்பதுபோல அக்கா அதை ஓங்கி ஓங்கி அடிப்பாள்.

இசைக் கல்லூரியில் பியானோவுக்கு இருந்தது ஒரே இடம். அதற்கான தேர்வு நெருங்க நெருங்க அக்கா பகலெல்லாம் வாசித்தாள். கீழ்வீட்டில் இருந்த நர்ஸோ இரவு டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். அங்கிருந்து ஒரு புகார் வந்தாலும் பியானோ தெருவுக்குப் போய்விடும் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். பியானோ போனால் தேர்வும் போச்சு. ஒரு மத்தியானம் நர்ஸே வந்து கதவைத் தட்டினார். தலை கலைந்து, கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, தினமும் ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்கிறியே. மேல போகவே மாட்டியா?"

"அந்த இடம் சரியா வரல, சிஸ்டர். வந்தாத்தான் மேல போக முடியும்."

"தூக்கம் போனாப் போகட்டும். முடிவு தெரியாம போகுது பாரு, அதான் தாங்கல."

அங்கேயே அக்கா வாக்குக் கொடுத்தாள். இடம் கிடைத்ததும் நடுவில் நிறுத்தாமல் முழுசாக ஒரு தடவை அவருக்கென்றே வாசித்துக் காட்டுவாள். அதுவரை அவர் அதை ரெக்கார்டில்கூடக் கேட்கக் கூடாது. நர்ஸ் சம்மதித்தார். வீட்டுக்காரர் விசாரிக்க வந்தபோது, மேலே பியானோ இருக்கிறதா என்ன என்று அவரையே திருப்பிக் கேட்டாராம்.

தேர்வுக்குத் தங்கையும் போயிருந்தாள். அரங்கத்துப் பியானோவில் எல்லாக் கட்டைகளும் பேசும் என்பது அக்காவின் விரலுக்குத் தெரியவில்லை. வீட்டு ஞாபகத்தில் ஓங்கி அடிக்க, அந்தச் சுரம் இடி விழுந்தமாதிரி முழங்கியது. தேர்வாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதே சுரம் இன்னும் சில இடங்களில் வரும். இனி அடக்கி வாசித்தால், முதலில் அடித்தது தப்பு என்று தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அக்கா அடக்கவில்லை. அடுத்த முறையும் முழங்கவிட்டாள். ஆனால் இம்முறை மற்ற சுரங்களைக் கொஞ்சங்கொஞ்சமாக எழுப்பிக் கொண்டுபோய் அதில் சேர்த்தாள். கடைசித் தடவை, அங்கே அது அப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேர்வாளர்களில் ஒருவர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பியானோங்க. அதுல இந்தக் கட்டை பேசாது."

இடம் கிடைத்தது. அன்றிலிருந்துதான் அந்தச் சுண்டுவிரல் சோதனை. அக்கா அங்கே வாங்கியது டிப்ளமா; வீட்டின் முதல் பட்டதாரி தங்கைதான். ஆனால் அப்படி ஒரு தப்பைத் தூக்கி நிறுத்தும் தைரியத்தைத் தன் பட்டம் தந்ததா என்று அவள் பலமுறை தன்னையே கேட்டிருக்கிறாள்.

கல்லூரி வேறு ஊரில். அந்த வாரமே அக்கா கிளம்ப வேண்டியதாயிற்று. பிறகு கடல் கடந்த மேடைகள். எங்கே போனாலும் அறிமுகக் குறிப்பில் 'லிப்ட் மெக்கானிக்கின் மகள்' என்று போடச் சொல்லி அடம் பிடிப்பாள். அவள் ஊரில் இருந்தால் நர்ஸ் டியூட்டியில் இருப்பார். அவர் ஓய்வு பெற்றபோது இவள் விமானத்தில். "இந்த வருஷம் கண்டிப்பா, சிஸ்டர்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவள், அறுபது வயதைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள்.

துக்கம் கேட்க நர்ஸ் படியேறி வந்தார். அதே இசையை அக்கா முழுசாக வாசித்த ரெக்கார்டே இருக்கிறது, போடட்டுமா என்றாள் தங்கை.

"வேண்டாம்மா" என்றார் நர்ஸ். "எத்தனை பெரிய ஆளுங்களுக்கெல்லாம் வாசிச்சவ, எனக்குக் கடன்பட்டிருக்கா. அந்தப் பெருமைய நான் எதுக்கு விடணும்?"