ஆறரை மணி வீட்டுக்கு ஓர் அமெரிக்கக் கார்

அந்த நாட்களில் என்னுடைய முதல் வீடு ஆறரை மணிக்கு. பேர்லினுக்குத் தெற்கே, நாளுக்கு மூன்று தடவை மட்டும் பஸ் வந்துபோகும் கிராமங்களில் தனியாக இருக்கும் முதியவர்களைக் காலையில் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கிற வேலை. எங்கள் நிறுவனம் சிறியது. இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தினார்கள். வேலைக்கென்று அவர்களிடம் கார் இல்லை. அவரவர் காரில்தான் போக வேண்டும். நான் பேர்லின் நகரத்துக்குள் நாங்கள் இருந்த நொய்கெல்னிலிருந்து பன்னிரண்டு வயதான ஒரு சின்ன டீசல் காரில் போய்வந்தேன்.

ஒரு நவம்பர் காலையில் அந்தக் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது. சாவிக்குள் இருக்கும் சிப்பைக் காரால் அடையாளம் காண முடியவில்லை என்று பிறகு கராஜில் கணினியை இணைத்துப் பார்த்துச் சொன்னார்கள். அன்று நாற்பது நிமிடம் கழித்து அது தானாகவே உயிர் பெற்றது. அந்த நாற்பது நிமிடத்தில் நான் ஒருவருக்கும் ஃபோன் செய்யவில்லை. இந்தத் தடவை கிளம்பிவிடும், அடுத்த தடவை கிளம்பிவிடும் என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

ஆறரை மணி வீட்டில் இருந்த பெண்மணிக்கு எண்பத்தெட்டு வயது. நான் கை கொடுத்தால்தான் கட்டிலைவிட்டு இறங்குவார். அன்று எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே இறங்கியிருக்கிறார். நான் கதவைத் திறந்தபோது குளியலறை வாசலில் கிடந்தார். "வந்துவிட்டாயா" என்று மட்டும் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவேயில்லை. டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம் இறந்துபோனார்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருடைய மகள் நன்றி அட்டைகூட அனுப்பியிருந்தார். அதை வாசிக்கத் தைரியம் வராமல் சமையலறை மேசையின் லாச்சிக்குள் வைத்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பும்போது எனக்குப் பயம் வரும். கார் கிளம்பினாலும் அது போகாது. வழியில் நின்றால்? அடுத்த வீட்டில் யார் கட்டிலின் விளிம்பில் இருக்கிறார்கள்? அதே யோசனையோடு ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றர் ஓடினேன்.

புத்தாண்டோடு இன்னொரு சிக்கல் வந்தது. புகை கூடிய வாகனங்கள் பேர்லினின் நடுப்பகுதிக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். கண்ணாடியில் ஒட்ட வேண்டிய வட்ட ஸ்டிக்கர் என்னுடைய டீசலுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீடோ அந்த எல்லைக்குள். காரை எல்லைக்கு வெளியே ஒரு தெருவில் விட்டுவிட்டு, விடியுமுன் ரயிலில் போய் அதை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் ரயிலை விட்டு இறங்கி அந்தத் தெரு முனையில் திரும்பும்போது, இன்று கிளம்புமா என்ற கேள்விதான் முன்னால் நிற்கும்.

என் கணவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அங்கே சாப்பிட வந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்து ஒரு மத்தியானம் சொன்னார்:

"இஞ்சேரும், ஓல்ட்டைமருக்கு இந்தச் சட்டம் இல்லையாம். முப்பது வருசத்துக்கு மேலை எண்டால், இலக்கத் தகட்டிலை ஒரு 'ஹா', அதுதான் எச் எழுத்துப் போட்டுத் தருவாங்களாம். எங்கையும் போகலாம்."

"பழங்காரிலை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக ஏலுமோ? விசர்க்கதை கதையாதேங்கோ."

"அமெரிக்கன் கார். பெரிய எஞ்சின், சும்மா நடந்துபோற மாதிரி ஓடும். அதுக்குள்ளை கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை."

கடைசி வசனம் மட்டும் என் காதில் நின்றது. காரணம் தெரியாமல் நின்றுபோகிற இயந்திரம்தான் என்னைப் பயமுறுத்தியது. காரணம் தெரிகிற இயந்திரத்தையாவது போய்ப் பார்க்கலாம் என்று சம்மதித்தேன்.

மார்ச் மாதம், என் வேலைக் கிராமங்களுக்கு அப்பால் இருந்த ஒரு கராஜுக்குப் போனோம். பழைய கூட்டுப்பண்ணையின் மாட்டுத் தொழுவம் அது. முன்பு அதே பண்ணையில் உழவு இயந்திரங்கள் திருத்திய மனிதர் இப்போது அமெரிக்கக் கார்களைத் திருத்தி விற்றுக்கொண்டிருந்தார். குறைவாகப் பேசுகிற ஆள். விற்பனைக்கு இரண்டு கார்கள் நின்றன. ஒன்று இரண்டு கதவுள்ள இளநீலக் கார், அறுபதுகளின் முதற்பாதியில் செய்தது. முன்னும் பின்னும் வெள்ளித் தகடுகள் பளபளத்தன. மற்றது பத்து வருடம் இளையது, நான்கு கதவு, கடுகு நிறம், ஓய்வுபெற்ற தபாலதிபரைப் போல ஒரு முகம். என் கணவர் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நீலக் காரின் கூரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றார்.

அதை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். பிரேக்கைத் தானே பார்த்து முடித்ததாகச் சொல்லிக் கராஜ்காரர் சாவியைத் தந்தார்.

கணவர் ஓட்டினார். நான் பக்கத்தில், இடுப்புக்கு மட்டும் இருந்த பட்டியை இழுத்துப் பூட்டிக்கொண்டு இருந்தேன். வீதி நேராக வயல்களுக்கு நடுவே போனது. அவர் சிரித்தபடி ஓட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததால் நானும் கொஞ்சம் இளகியிருந்தேன். தூரத்தில் ரயில் கடவை தெரிந்தது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய, தடுப்புக் கம்பம் இறங்கத் தொடங்கியது. அவர் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போனது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரைவரை போனது.

"பிரேக் இல்லை" என்றார். மெல்லத்தான் சொன்னார், எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

நான் டாஷ்போர்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்தேன். கம்பத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை எண்ணிவிடலாம் போல அவை கிட்ட வந்தன. அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். கார் வீதியை விட்டு இறங்கி, ஒரு பள்ளத்தில் தூக்கிப்போட்டு, உழுத வயலுக்குள் பாய்ந்தது. அந்தப் பகுதி மண் வெறும் மணல். மழைக்கு நனைந்திருந்த மணல் நான்கு சில்லுகளையும் பிடித்து இழுத்து நிறுத்தியது. ரயில் எங்களைத் தாண்டிப் போனது. யன்னலோரம் இருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். வயலுக்குள் ஏன் இந்தக் கார் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் நான் காரைவிட்டு இறங்காமலே இருந்தேன். கணவர் வெளியே போய்க் கராஜுக்கு ஃபோன் செய்தார்.

கராஜ்காரர் உழவு இயந்திரத்தோடு வந்தார். காரின் அடியில் படுத்துப் பார்த்தார். எழும்பியபோது அவருடைய முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. பின் அச்சின் மேலால் போகிற குழாய் உள்ளே துருப்பிடித்து வெடித்திருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத இடம், ஆனாலும் தான் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். பிறகு எங்களுக்கு விளக்கினார். அந்த வருடத்துக் கார்களில் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே குடுவையிலிருந்துதான் போகிறது. எங்கே ஓட்டை விழுந்தாலும் எல்லாம் போய்விடும். சில வருடங்கள் கழித்து வந்த கார்களில் குடுவைக்குள் நடுவே சுவர் வைத்து, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போவோம் என்றார் கணவர். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை திரும்பவும் அந்த டீசல்.

"மற்றக் காரில் அந்தச் சுவர் இருக்கிறதா?" என்று கராஜ்காரரைக் கேட்டேன்.

இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவர் செய்ததை வேறெந்த விற்பனைக்காரரும் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. கடுகுநிறக் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து, பிரேக் குடுவையின் இரண்டு அறைகளையும் காட்டினார். பிறகு பின்பக்கக் குழாயின் திருகாணியைத் தளர்த்தி, எண்ணெய் ஒழுக விட்டார். "இப்போது பின் பிரேக் இல்லை. நீங்கள் ஓட்டுங்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன். பிரேக் பிடிக்கவில்லை என்றால் வைக்கோல் குவியலில் மோதுங்கள்" என்றார்.

முற்றம் நீளமானது. முடிவில் வைக்கோல் உருளைகள் அடுக்கியிருந்தன. கணவர் வேண்டாம் என்றார். நான் ஏறினேன். அந்த மனிதர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். வேகம் எடுத்து, மிதித்தேன். பெடல் பாதிவரை பஞ்சாக இறங்கியது. பாதிக்குக் கீழே அது இறுகியது. முன்சில்லுகள் கிறீச்சிட, கார் நீண்ட தூரம் போய், வைக்கோலுக்கு முன்னால் நின்றது. திரும்பவும் ஓட்டினேன். மூன்றாம் தடவை எங்கே இறுகும் என்று என் காலுக்குத் தெரிந்திருந்தது. பயம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது.

அந்தக் காரைத்தான் எடுத்தோம். எல்லாக் குழாய்களையும் புதிதாக மாற்றிய பிறகே தருவேன் என்று அவர் இன்னும் மூன்று வாரம் வைத்திருந்தார். காப்புறுதிக்கு அலைந்தோம், ஓல்ட்டைமரைத் தினமும் வேலைக்கு ஓட்டுகிறோம் என்றதும் பலர் மறுத்து, ஒரே ஓர் இடத்தில் சம்மதித்தார்கள். கணவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மினுக்கத் தொடங்கினார்.

காலையில் கால் மணி நேரம் முன்னதாகவே இறங்கிப் போவேன். பெடலை இரண்டு தடவை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். ஆறு சிலிண்டர்களும் ஒவ்வொன்றாகச் செருமி எழும்பும். கோடை முழுவதும் அது ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. ஆனாலும் அது ஒழுங்காக ஓடிய ஒவ்வொரு நாளும், கைவிடப்போகிற நாள் ஒரு நாள் கிட்ட வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அது டிசம்பரில் வந்தது. பூச்சியத்துக்குச் சற்று மேலான குளிர், அடர்ந்த பனிமூட்டம். இரண்டு கிராமங்களுக்கு நடுவே பைன் காட்டு வீதியில் எஞ்சின் திணறி, சக்தி இழந்து, நின்றது. அடுத்தது எட்டு மணி வீடு. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்; கை கால் நடுக்க நோய் உள்ளவர்; எட்டு அடித்து ஒரு நிமிடம் பிந்தினாலும் பொறுக்காதவர். ஃபோனை எடுத்தேன். சிக்னல் இல்லை. காரைச் சுற்றி நடந்து, கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். இல்லை. மரங்களுக்கிடையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு வாகனமும் வரவில்லை.

இப்படிப்பட்ட காலநிலையில், பெற்றோலும் காற்றும் கலக்கிற கார்பரேட்டருக்குள் பனி கட்டும் என்று கராஜ்காரர் சொல்லியிருந்தார். எதையும் தொடாதீர்கள், சும்மா இருங்கள், எஞ்சினின் சூடே அதை உருக்கிவிடும் என்றும் சொல்லியிருந்தார். சும்மா இருப்பது! நான் உள்ளே இருந்து கதவைப் பூட்டினேன். கை சாவிக்குப் போகாதபடி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். குளியலறை வாசல் கண்ணுக்குள் வந்தது. அதில் கிடப்பது அந்தப் பெண்மணியா, இந்தப் பெரியவரா என்று பிரித்தறிய முடியவில்லை. பத்து நிமிடம் அப்படி இருந்தேன். பிறகு திருப்பினேன். முதல் தடவையிலேயே ஓடியது.

அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது எட்டு இருபத்தைந்து. அவர் கட்டிலின் விளிம்பில் இருந்தார். இரண்டு பாதங்களும் தரையில். ஒரு கை மேசையைப் பற்றியிருந்தது. உடம்பை முன்னுக்குச் சாய்த்து, எழும்பப் போகிற நிலை.

"எழும்பாதேங்கோ!" என்று கத்தினேன். தமிழில்.

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் அப்படியே உறைந்துபோய் இருந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் தோள்களைப் பிடித்தேன். பிறகு பக்கத்தில் கட்டிலிலேயே இருந்து அழுதேன். அவர் நடுங்கும் கையால் என் முதுகைத் தட்டினார். ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன்: ஆறரை மணி வீட்டுப் பெண்மணியை, நாற்பது நிமிடத்தை, நான் செய்யாத ஃபோனை.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ரயில் பிந்தினால் அறிவிப்போம். நிற்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அறிவிக்காவிட்டால் தண்டவாளத்தில் இறங்குவார்கள்" என்றார். பிறகு தன்னுடைய ஃபோனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

அன்று பின்னேரமே கராஜ்காரர், எஞ்சினிலிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் கிழிந்த குழாய் ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினார். நான் என் எல்லா வீடுகளிலும் கட்டிலருகே ஃபோனை வைத்தேன். ஐந்து நிமிடம் பிந்தினாலும் அழைத்துச் சொன்னேன். காட்டு வீதியில் சிக்னல் கிடைக்காத இடங்களைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே நிறுத்தி, இப்போது காட்டுக்குள் போகிறேன் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போனேன். என்னோடு வேலை செய்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவர்களும் அப்படியே செய்தார்கள்.

அந்தக் கார் இன்னும் மூன்று குளிர்காலம் ஓடியது. இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் என்ன காரணம் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. முதுகு வலி வந்து நான் நொய்கெல்னிலேயே ஒரு பகல் பராமரிப்பு நிலையத்துக்கு மாறியபோது, கராஜ்காரரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணவருக்குக் கண் கலங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காக அவருக்கு முன்னால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இப்போது பாதாள ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டால், சுற்றியிருப்பவர்கள் தொடர்ந்து பத்திரிகை வாசிக்கிறார்கள். நான் பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன்.