நாளைய கூட்டத்தின் குறிப்பு

லோகேஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் நிலையம் வருவதற்குள் மூன்று இருக்கை மாறிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையோ, உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதை எழுதுவது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் பதினெட்டாம் மாடியில், ஐரோப்பியப் பெயிண்ட் நிறுவனத்தின் மலேசியக் கம்பெனிக்கு அவர் செயலாளர். காப்பி கொண்டுவந்து வைக்கும் செயலாளர் இல்லை. இயக்குநர்கள் கூட்டத்தைக் கூட்டி, அங்கே நடந்ததைப் பதிவு செய்து, அந்தப் பதிவுக்குத் தன் பெயரில் பொறுப்பேற்கும் லைசென்ஸ் பெற்றவர்.

செந்தூல் பிளாட்டில் வளர்ந்தவர். பள்ளி முடித்ததும் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதியதில் சட்டத் தாளில் மட்டும் மூன்று தடவை தோற்றார். கடைசியில் அவருக்குச் சட்டம் பிடிபட்டது வகுப்பில் அல்ல. அலமாரியில் கிடந்த பழைய கூட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான்.

படித்ததில் இன்னொன்றும் பழகிப்போயிற்று. குறிப்பைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுவது. முடிவை எடுப்பது ஐரோப்பா; அதைச் சிங்கப்பூர் வட்டார அலுவலகத்துக்குச் சொல்லும்; சிங்கப்பூர் கோலாலம்பூருக்குச் சொல்லும். இங்கே மூன்று இயக்குநர்கள் கூடித் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. 'நன்கு கலந்தாலோசித்த பின்' என்று முன்தினமே தட்டி வைத்தால், கூட்டம் முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிவிடலாம். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் நடந்தது. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

இந்த முறை விஷயம் போர்ட் கிள்ளான் கிடங்கை மூடுவது. சரக்கையெல்லாம் இனி அண்டை நாட்டிலுள்ள ஒரே கிடங்கிலிருந்து அனுப்புவார்களாம். புதன்கிழமை மத்தியானம் கூட்டத்துக்கான கோப்புகளை இயக்குநர்களுக்கு அனுப்பினார். அரைமணி நேரத்தில் நிர்மலன் போன் செய்தார். வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட கணக்காளர் அவர். குழுமத்தில் சம்பளம் வாங்காத ஒரே இயக்குநர்.

"லோகேஸ்வரி, நாளைக்கு நான் நல்லாத்தான் பேசியிருக்கேன்."

"சார்?"

"தீர்மானத்தை நான்தான் முன்மொழிஞ்சேனாம். எல்லாரும் ஒரு மனசா ஏத்துக்கிட்டாங்களாம். பதினொன்னு இருபதுக்கு நன்றி சொல்லி முடிச்சிட்டோம். இப்பதான் வாசிச்சேன்."

லோகேஸ்வரி எழுந்துவிட்டார். கோப்புகளோடு கோப்பாக, நாளைய குறிப்பையும் அனுப்பிவிட்டிருந்தார்.

"அது சும்மா டிராஃப்ட், சார். அழிச்சிடுறேன்."

"நான் பிரிண்ட் எடுத்துட்டேனே. பரவால்ல லா, இத்தனை வருஷமா இப்படித்தானா? எனக்கும்தான் வெக்கமா இருக்கு, கையெழுத்துப் போட்டவன் நானில்லையா. நாளைக்கு நடக்கிறதை மட்டும் எழுதுங்க, போதும்."

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு இரண்டு தடவை வாசல்வரை போய் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவர் நாகையா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப என்ன, நடந்தே கேஎல் போயிருவியா?"

"லைசென்ஸ் போயிரும்ங்க. நடக்காததை நடந்ததுன்னு எழுதி வச்சிருக்கேன். அவர் ஒரு புகார் குடுத்தா முடிஞ்சிச்சு."

"அவரு சொன்னபடி எழுதினா?"

"வேலை போயிரும்."

"ரெண்டுல ஒண்ணு போகுதுன்னா சாப்பிட்டுட்டுப் போகட்டும். உட்காரு."

வியாழக்கிழமை கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் ஜெயராஜ் தலைமை வகித்தார். மூன்றாமவரான சிங்கப்பூர் வட்டார இயக்குநர் திரையில் இருந்தார். கிடங்குத் தீர்மானம் வந்ததும் நிர்மலன் கேட்டார்: இங்குள்ள கடைகளுக்கு இரண்டு நாளில் சரக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், கிடங்கு இல்லாமல் எப்படித் தருவோம்? சிங்கப்பூர்க்காரர், அதையெல்லாம் ஆராய்ந்தாயிற்று, குழுமத்துக்கு இதுதான் லாபம் என்றார். அந்த ஆராய்ச்சி எங்கே என்றார் நிர்மலன். பிறகு அனுப்புவதாகப் பதில் வந்தது.

"நான் குழுமத்துக்கு டைரக்டர் இல்ல," என்றார் நிர்மலன். "இந்தக் கம்பெனிக்குத்தான். இதுக்கு நல்லதான்னு தெரியாம கை தூக்க மாட்டேன்."

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. லோகேஸ்வரி எழுதிக்கொண்டே இருந்தார். அந்த அறையில் அவர் பேனா ஓடியது அன்றுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு ஜெயராஜ் அவரைக் கூப்பிட்டார். மேசையில் புதிய குறிப்பு கிடந்தது. அதில் ஒரு வரியை விரலால் தட்டினார்: 'ஆய்வறிக்கை கூட்டத்தில் வைக்கப்படவில்லை.'

"இது எதுக்கு லோகா? அவர் எதிர்த்தாரு, எழுதிட்ட. அது ஓகே. இந்த வரி ஐரோப்பா ஆடிட் வரைக்கும் போகும். எடுத்துடு."

"வைக்கலையே, பாஸ்."

"வைக்கலைதான். அதுக்காக எழுதணுமா? நேத்து அடிச்சு வச்சப்ப இந்த உண்மையெல்லாம் எங்க போச்சு?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. லோகேஸ்வரி ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

"தப்புதான். நேத்து மட்டும் இல்ல, பத்தொன்பது வருஷம். ஆனா இதை எடுக்கச் சொன்னா என் பேரையும் எடுத்துடுங்க. இன்னிக்கே ராஜினாமா எழுதித் தரேன். காரணமும் எழுதுவேன்."

"மிரட்டுறியா?"

"இல்ல பாஸ். என்னால நிக்க முடியல, காலு நடுங்குது. மிரட்டுறவங்க இப்படியா இருப்பாங்க?"

ஜெயராஜுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விரும்பாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிங்கப்பூருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"எடுத்துட்டுப் போ. என் மனசு மாறிடும்."

பதினோரு நாள் கழித்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று ஐரோப்பா ஆடிட்டிலிருந்து: அறிக்கையை மலேசிய இயக்குநர்கள் முன் வைக்கவும், அவர்கள் மறுபடி கூடும்வரை கிடங்கைத் தொடவேண்டாம். மற்றொன்று சிங்கப்பூரிலிருந்து: வட்டாரத்தின் எல்லாக் கம்பெனிகளுக்கும் செயலாளர் வேலையை இனி ஒரே இடத்தில் பார்க்கத் திட்டம், உங்கள் கருத்தை வெள்ளிக்குள் தெரிவிக்கவும்.

முதல் கடிதத்தை ஒட்டி இரண்டாம் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம் இருந்தது. இணைப்பை மூன்று தடவை திறந்து பார்த்தார், நின்றுகொண்டே. சிங்கப்பூருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கூட்டம் செவ்வாய்க்கிழமை. அதுவரைக்கும் செயலாளர் அவர்தான்.