சேஞ்ச் என்ற சொல்லும் என் மாமாவும்

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது திருவள்ளூரில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வினைச்சொல்லின் பொருளையும் உபயோகங்களையும் மேடையேறிச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த சொல் ‘சேஞ்ச்’. எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணி மாற்றினால் சேஞ்ச், ரயில் மாறினால் சேஞ்ச், மனசு மாறினாலும் சேஞ்ச். நாம் மாறு, மாற்று என்று இரண்டு வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தான் என்று வியந்துபோனேன். பால் தயிரானாலும் விடாமல் சேஞ்ச் என்று கத்தி அம்மாவின் உயிரை வாங்கினேன்.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். போட்டியன்று காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் ஆலை கேட்டிலிருந்தே என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறித் திருவள்ளூர் போவதாக ஏற்பாடு. அம்மா என்னைக் கேட்டுக்குக் கூட்டி வந்தாள். சங்கு ஊதியது. ஒரு கூட்டம் உள்ளே போக, ஒரு கூட்டம் வெளியே வந்தது. இதுவும் சேஞ்ச்தான் என்று குதித்தேன். அப்பா மட்டும் வரவில்லை.

அப்பாவின் ரிலீவர் வேலைக்கு வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். மாற்று ஆள் மேலே ஏறி வரும்வரை கிரேன்காரர் கீழே இறங்கக் கூடாது. அம்மாவின் இடுப்பில் தம்பி. அவளுக்குத் திருவள்ளூருக்கு வழியும் தெரியாது. அந்த ரயிலை விட்டால் போட்டி போச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்த கூட்டத்தில் என் தாய்மாமா தெரிந்தார். அவரும் அங்கேதான் பக்கத்து ஷெட்டில் கிரேன் ஓட்டினார். வேலை கற்றுக்கொடுத்துச் சேர்த்துவிட்டதே அப்பாதான். ஒரு வருஷமாக அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலை ஜாஸ்தி என்று சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் உதறிவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரிலீவர், ரயில், போட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

மாமா திரும்பி ஆலை கேட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து தன் சாப்பாட்டுப் பையை நீட்டினார்.

“இந்தாக்கா, புடி. நான் போயி அவர எறக்கி உடறேன்.”

சற்று நேரத்தில் அப்பா ஓடி வந்தார். பைக்கில் ஸ்டேஷனை நெருங்கும்போது, “உங்க மாமன் என் சீட்ல குந்திக்கினு கீறான்” என்றார். குரல் கரகரத்தது. தொண்டையில் தூசி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ரயில் கிடைக்குமா என்று கேட்டேன்.

ஓடிப்போய் ஏறினோம். மேடையில், மனப்பாடம் செய்ததையெல்லாம் சொல்லி முடித்தபின், அப்பாவும் மாமாவும் காலையில் இடம் மாறிக்கொண்டதையும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிட்டேன். அதற்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் அப்பா கைதட்டாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வழியெல்லாம் அதில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் மாமா பையை வாங்கிப்போக வந்தார். அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். காய்ந்தால்தான் தருவேன் என்று உட்காரவைத்துச் சோறு போட்டாள். மடவை மீன் குழம்பு. நல்ல நடுத்துண்டெல்லாம் மாமாவின் தட்டுக்குப் போயிற்று. அப்பாவும் தன் துண்டை எடுத்து மாமாவின் சோற்றில் வைத்தார். மாமா தலை நிமிராமல் அதையும் சாப்பிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு வந்தது வால் துண்டு. பரிசு வாங்கி வந்தவளுக்கு வாலா என்று, தூங்கப் போகும்வரை ஒருவரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.