காணான்கோழிக்கு வாங்கிய இரண்டாவது பானை

2022 டிசம்பர் 11: மண்பானை ஒன்று, ரூ. 60.
அதே நாள்: கொசுவலைத் துணி, ரூ. 25.
2023 டிசம்பர் 17: மண்பானை ஒன்று, ரூ. 75.

இரண்டு பானைகளையும் வாங்கியவள் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி ஊர்ச் சந்தியா. சென்னையில் பறவைப் புதைபடிவங்களை ஆராய்கிறவள். ஏதோ ஒரு தீவின் குகையில் கிடைத்த ஒரு கால் எலும்பும் ஓர் இறக்கை எலும்பும் அவள் கைக்கு வந்தன. கால் எலும்பு தீக்குச்சி நீளம்கூட இல்லை. பறப்பதையே விட்டுவிட்ட, புதிய, சின்னஞ்சிறு காணான்கோழி இனம் என்று எழுதி அனுப்பினாள். ‘பெரிய பறவையின் குஞ்சாகவும் இருக்கலாம், இன்றுள்ள உறவுப் பறவையின் எலும்புக்கூட்டோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்’ என்று ஆய்விதழ் திருப்பிவிட்டது. காட்டாவிட்டால் அந்தப் பறவைக்குப் பெயர் இல்லை, அவளுக்குப் பட்டமும் இல்லை.

உறவுப் பறவை பக்கத்திலேயே இருந்தது. மழை ஓய்ந்ததும் தென்னேரி ஏரிக்கு வந்து நாணலில் ஒளிந்து திரியும் காணான்கோழி, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. கொல்லக் கூடாது. மீன்வலையில் சிக்கிச் செத்த ஒன்றை வனத்துறை அனுமதியோடு எடுத்துவந்து, வலைத்துணியில் சுற்றி, வீட்டுத் தோட்டத்தில் வைத்த பானையின் மண்ணில் புதைத்தாள். சதையை மண் தின்றுவிடும், எலும்பு சிதறாமல் மிஞ்சும்.

மார்ச் மாதம் தோட்டத்துக்குப் போனால் பானையைக் காணோம்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வேன் ஓட்டும் அப்பா கலியன் பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: “நான்தாம்மா குளத்துல கரைச்சிட்டேன்.”

“கரைச்சிட்டியா? இன்னாப்பா சொல்ற?”

“எலும்ப வூட்டுல எத்தினி நாளு வெச்சிக்கினு இருப்ப? ஜடாயுவுக்குப் பெருமாளே காரியம் பண்ண ஊரு இது. எள்ளும் தண்ணியும் வுட்டு மொறையாத்தான் செஞ்சேன்.”

“பதினாறாம் நாளு விருந்து எப்போ?”

“கிண்டலா பண்ற?”

அவள் சல்லடையோடு குளத்தில் இறங்கினாள். பொழுது சாயும்வரை சலித்தும் சேறும் நத்தைக்கூடும்தான். மறுநாளே ஆய்விதழுக்கு எழுதி ஓராண்டு தவணை வாங்கினாள்.

குளிர்காலம் வந்தது. விடியற்காலையில் அவள் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டுச் சென்னை பஸ் பிடிப்பாள். அப்பாவும் தினமும் கடைக்குப் போகுமுன் வேனை அங்கே நிறுத்தி வலைக்காரர்களிடம் விசாரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

“கெடைச்சிட்டுதும்மா. நான் தொடல. நீயே வந்து தூக்கிக்கினு போ.”

அனுமதியும் புதுப் பானையுமாகப் போனாள்.

“இந்த வாட்டி கரைக்க மாட்டியே?”

“அளந்தப்பறம் இன்னா செய்வ?”

“மியூசியத்துக்குப் போயிடும். நம்பர் போட்டு வெச்சிருவாங்க.”

கலியன் தண்ணீரோரம் போய் உட்கார்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். எள்.

“அப்போ இப்பவே காரியத்த முடிச்சிடறேன். அப்பறமா நீ பொதைச்சிக்க.”

அவர் முடிக்கும்வரை சந்தியா காத்திருந்தாள்.

தவணை முடியப் பத்து நாள் இருக்கும்போது பானையைத் திறந்தாள். இதன் கால் எலும்பும் தீவுப் பறவையின் கால் எலும்பும் ஏறக்குறைய ஒரே நீளம். தீவுப் பறவையின் இறக்கை எலும்போ இதனுடையதில் முக்கால் பங்குகூட இல்லை. தீவு எலும்புகளின் முனைகளும் முற்றி மூடியிருந்தன, குஞ்சுக்கு அப்படி இருக்காது. எழுதி அனுப்பினாள். திருத்தம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் அன்றன்றே பதில் போனது.

ஏற்றுக்கொண்டோம் என்ற கடைசிக் கடிதம் வந்தது 2024 ஆகஸ்ட் 19.