சவேரியம்மாள் கேட்ட குரல்

திசையன்விளை ஸ்டாண்டை விட்டுக் கிளம்பி வண்டி இன்னும் மூன்றாவது கியருக்கு வரவில்லை. பின்படிக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் எழுந்து நின்று, "நிப்பாட்டுங்க! வண்டிய நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். யாரோ படியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று பதறி விசில் ஊதினேன். டிரைவர் மாசானம் பிரேக்கை மிதித்ததில் நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"யாரும்மா விழுந்தது?"

"யாரும் விழல தம்பி. அந்தப் பெட்டில பாடுதது எம் மவன். சத்தம் சரியா கேக்கல. எஞ்சின நிறுத்தச் சொல்லும்."

முன்சீட்டில் இருந்த ஒருவர், "வே கண்டக்டரே, எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு. நெத்திலி வாடையும் தாங்கணும், பாட்டும் கேக்கணுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தபடியே நின்றார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முருகன் புண்ணியத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்து, அதிலேயே பிள்ளைகளைக் கரையேற்றினேன். எங்கள் வண்டி திசையன்விளையிலிருந்து நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும். காலை முதல் ட்ரிப்பில் டேப் டெக்கைப் போட்டதும் ஒரு பிள்ளையார் பாட்டு, ஒரு மாதா பாட்டு, ஒரு முஸ்லிம் பாட்டு வரவேண்டும். சினிமாப் பாட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்தச் சாமிக்கும் குறை வைக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. அந்த வாரம் மாசானம் ஜங்ஷன் பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் புதிதாகப் பதிந்து வாங்கிய கேசட் அது. மாதா பாட்டைப் பாடியவர் யாரென்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அவர் சொன்னது

மறுநாளும் அதே வண்டிக்கு வந்தார். பேர் சவேரியம்மாள், கடற்கரை ஊர். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குக் கருவாடு கொண்டுபோகிறவர். அதற்கு முன் எந்த வண்டி வந்தாலும் ஏறிக்கொள்வார். இப்போது எங்கள் முதல் ட்ரிப்பை விட்டால் ஏறுவதில்லை. டெக்குக்குப் பக்கம் உட்கார இடம் கேட்பார். கூடையை முன்னால் வைக்க யாரும் விடமாட்டார்கள். கூடையைப் பின்னால் வைத்துவிட்டு, முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்பார். பாட்டு முடிந்ததும் பின்னால் போய்விடுவார்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

மகன் பெயர் மிக்கேல். ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் அவன்தான் முதல் குரல். மெட்ராஸுக்குப் போய்ப் பாட்டுக்காரனாக வேண்டும் என்று நச்சரித்திருக்கிறான். இவர் விடவில்லை.

"'பாட்டு சோறு போடுமாலே, போ, மீன்புடிக்க வல்லத்துல ஏறு'ன்னு ஏசி அனுப்புனேன் தம்பி. மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனான். அன்னைக்குத்தான் காத்து. கூடப் போன ரெண்டு பேரு பொணமா ஒதுங்குனாவ. வருசக்கணக்காச்சு, இவன் ஒதுங்கல."

"சாமியாரு என்ன சொன்னாரும்மா?"

"அவரு செத்தவன் ஆத்துமாவுக்குப் பூச வைப்போம்னாரு. நா விடல. எம்மேல உள்ள கோவத்துல எங்கயோ கரையேறிப் பாடப் போயிட்டான்னுதான் நெனச்சேன். இப்பப் பாத்தீரா? பாடிட்டான்லா!"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. மகன் உயிரோடு இருந்தால் இவர் ஏசி அனுப்பியதால் எந்தக் கேடும் வரவில்லை. இல்லையென்றால், கடலுக்கு அனுப்பியது இவர் வாய்தான். அவர் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

"அந்தப் பாட்டு எங்க வாங்குனீங்கன்னு கேட்டு, அவன் இருக்க எடத்த விசாரிச்சுச் சொல்லும் தம்பி. ஒமக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

"ஓய், நீரு கண்டக்டரா, துப்பறியுத போலீசா?" என்று மாசானம் கேலி செய்தார். ஆனால் கடை இருக்கும் இடத்தை அவர்தான் கூட வந்து காட்டினார்.

கடையிலும் கச்சேரியிலும்

கடைக்காரர் ஒரிஜினல் கேசட்டை எடுத்துக் காட்டினார். அட்டையில் போட்டோ இல்லை, வேறு ஒரு பெயர் இருந்தது. "இவரு திருச்சிப் பக்கத்து வாத்தியாரு. இந்தச் சனிக்கிழம பாளையங்கோட்டையில கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி பண்ண வாராரு" என்றார்.

சவேரியம்மாளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் அசரவில்லை.

"பேர மாத்தியிருப்பான். பாட்டுக்காரவ எல்லாம் பேர மாத்துவாவன்னு அவனே சொல்லியிருக்கான். வாத்தியாருன்னு சும்மா போட்டிருப்பாவ."

சனிக்கிழமை எனக்கு ஆஃப். நானும் என் மனைவியும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். பொழுது சாயும்போதே கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. மேடை தூரத்தில் இருந்தது. அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்ததால் மேடையில் இருப்பவர் முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நெட்டையான, முன்வழுக்கை விழுந்த, ஐம்பதை நெருங்கிய மனிதர். நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்ததும் சவேரியம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்தான்மா. இங்கன இழுக்கான் பாரு, அவன் கோயில்ல பாடையில அதுக்குத்தான் நா பின்னால நின்னு அழுவேன்" என்றார். அந்த மாதா பாட்டு வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்தது. பாடியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் பேசினார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களாங்க? கொஞ்சம் தண்ணி கொண்டாங்கப்பா. தொண்டை வறண்டு போச்சு."

அவ்வளவுதான் பேசினார். சவேரியம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க ஊர்ப் பேச்சு இல்லையே" என்றார்.

அடுத்த பாட்டு வந்தது. தலையைத் தூக்கினார். நடுவில் பாடகர் ஏதோ வேடிக்கையாகப் பேச, கூட்டம் சிரித்தது. இவர் தலை மறுபடி கவிழ்ந்தது. நாலைந்து பாட்டு இப்படியே போனது. கேசட்டில் பாட்டு மட்டும்தான் உண்டு, பேச்சு கிடையாது. அதனால்தான் அத்தனை நாளும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"பாடும்போது வாரான். பேசும்போது போயிருதான்" என்று என் மனைவியிடம் சொன்னார். "போவோம்மா. எத்தன தடவ அவனப் போகவுட?"

பாடியவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே என்று என் மனைவி கேட்டாள்.

"வேண்டாம். அந்த மனுசன் நல்லா இருக்கட்டும். அவருகிட்டப் போயி, நீ எம் மவன் இல்லைன்னு என்னத்துக்குச் சொல்லணும்?"

அன்று எங்கள் வீட்டில் தங்கினார். சோறு போட்டும் தொடவில்லை. எங்கள் முருகன் படத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூசை

அந்த மாதமே அவர் மகனுக்குப் பூசை வைக்கச் சொன்னார். எனக்கும் மாசானத்துக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நெற்றியில் விபூதியோடு போய்க் கடைசி வரிசையில் நின்றோம். சாமியார் மிக்கேலின் பெயரைச் சொன்னதும் சவேரியம்மாள் தரையில் விழுந்து கத்தினார். "நாந்தான் அனுப்புனேன், நாந்தான் அனுப்புனேன்" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வரவில்லை. பெண்கள் பிடித்தும் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது குரல் கம்மிப்போய்ச் சொன்னார்: "இத்தன வருசமா நா ஒரு சொட்டு அழல தம்பி. அழுதா அவன் செத்துட்டான்னு ஆயிரும்லா."

பஸ்ஸில் திரும்பும்போது மாசானம், "அழுதது நல்லதுதான் வே, நெஞ்சுல கெடந்தா ஆளக் கொன்னுரும்" என்றார். இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டைக் கேட்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்ற அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு அவர் எங்கள் வண்டியில் ஏறவில்லை. மாசானம் அந்தப் பாட்டை அழித்து வேறு மாதா பாட்டைப் பதிந்துவிட்டார். அது சவேரியம்மாளுக்குத் தெரியாது. திசையன்விளை ஸ்டாண்டில் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, எங்கள் வண்டி போகட்டும் என்று வேறு பக்கம் பார்த்தபடி நிற்பார். பின்னால் வரும் வண்டியில் ஏறுவார். சீட் காலியாக இருந்தாலும் நான் கூப்பிடவில்லை.

இப்போது கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு வருகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. கலெக்‌ஷனுக்காகக் கூவி அழைப்பது நம் தொழில், அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவர் நம் வண்டியைப் பார்த்தும் ஏறாமல் நின்றால், ஒரு தடவைக்கு மேல் கூப்பிடாதீர்கள். பேசாமல் ரைட் கொடுத்துவிட்டுப் போங்கள்.