இரண்டு கலர் கயிறு

மாரிக்கனிக்குப் பயம் இல்லாத நாளே கிடையாது. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். வானம் இருட்டினால் இடி விழுமா என்று பயம், எங்கள் பக்கம் இருட்டுகிற வானத்தில் பாதி நாள் தூறல்கூட விழாது என்றாலும். ஊரில் அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. நானும் செய்திருக்கிறேன். இந்தப் பங்குனியில் அவள் பட்ட பாட்டைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் அவளுக்கு வேலை. தறிக்குப் போகிற நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். புருஷன் அழகுராஜா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போனால் லேசில் வீடு திரும்பமாட்டான். ஒரே மகன் ஹரி, ஒன்பதாம் வகுப்பு. காலையில் தாய் அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். மகன் எதிர்த்திசையில் திருச்சுழிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போவான்.

போன கோடையில் ஹரிக்கு அம்மை போட்டிருந்தது. பிள்ளையைப் பிழைக்க வை, அக்கினிச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். பங்குனிப் பொங்கல் திருவிழாவை ஊருக்கு அறிவித்துச் சாட்டியதும் பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினார். சட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் அது கையை விட்டு இறங்கக் கூடாது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவன் கையில் காப்பைக் காணோம். வாளியைக் கவிழ்த்தாள், சாக்கடையைக் குச்சியால் கிளறினாள். கிடைக்கவில்லை.

"வெறுங்கையோட போகாதடா, ஆத்தா கோவிச்சுக்கிருவா."

தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கழிவு நூல் ஒரு பையில் கிடந்தது. அவசரத்தில் கைக்கு வந்த இரண்டு நிற நூல்களை உருவினாள். ஒற்றை நூல் பஸ் நெரிசலில் அறுந்துவிடும் என்று இரண்டையும் தொடையில் வைத்துத் திரித்து முறுக்கி, மகன் கையில் இறுக்கிக் கட்டினாள். ஹரி கையைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். பஸ் ஹார்ன் கேட்டதும் ஓடிவிட்டான்.

டீ குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் வேலை பார்க்கும், அவள் தெருவிலேயே இருக்கும் தெரசாளிடம் இதைச் சொன்னாள். அதோ அந்த ரெண்டு கலர் நூல்தான் என்று குப்பையில் கிடந்ததைக் கைகாட்டினாள். தெரசாள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி, ரெண்டையும் சேத்தா முறுக்குன? அது அவுக சாதிக் கயிறாச்சே!"

"என்னக்கா சொல்றீக? கோயில் காப்புக்கா அது."

"பயலுகளுக்குக் காப்பா தெரியும்? அவுக பிள்ளைக பாத்தா, எங்க கயிற நீ எப்படிடா கட்டலாம்னு அடிப்பானுக. நம்ம தெருப் பயலுக பாத்தா, அவனுககூடச் சேந்துட்டியாடான்னு அடிப்பானுக. எம்மகன் ராபினு போன வருசம் அதே பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரி ஒண்ணக் கட்டிட்டுப் போயித்தான மண்டையில தையல் போட்டு வந்தான்!"

எந்தச் சாதிக்கு எந்தக் கலர் என்று நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கயிறு கட்டி வரக் கூடாது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லியாகிவிட்டது. அது நல்லதா, சாமிக் கயிற்றையும் அறுக்கலாமா என்று டிவியில் சட்டை கசங்காமல் விவாதம் நடக்கிறது. பேசுகிறவர்களின் பிள்ளைகள் யாரும் எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இல்லை.

மாரிக்கனி மேஸ்திரியிடம்கூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். புருஷனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து நம்பர் அவளிடம் இல்லை. பஸ் ஊர்ந்தது. கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பஸ்ஸை முந்தித் திருச்சுழிப் பக்கம் போனது. எந்தப் பிரசவத்துக்குப் போனதோ, இவள் தன் பிள்ளைக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மையிலிருந்து மீட்ட பிள்ளையை என் கையாலேயே கயிறு கட்டி அனுப்பிவைத்தேனே என்று வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் யாருக்கு என்னாச்சு என்று கேட்டாள். பதில் சொல்லப் பயம். அந்தப் பெண் எந்தத் தெருவோ, யார் கண்டது?

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. அந்த அமைதியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வராந்தாவில் நின்ற செல்வதுரை சாரிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் சலித்துக்கொண்டார்.

"கேட்டுலயே எல்லாக் கையையும் பாத்துட்டுத்தாம்மா உள்ள விடுறோம். இன்னைக்கு ஒருத்தன் கையிலயும் கயிறு இல்ல."

கயிறு இல்லையென்றால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வந்து சேரவில்லையோ? தூணைப் பிடித்துக்கொண்டாள். சார் ஆளனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஹரி வகுப்பிலிருந்து வந்தான், ஒரு கீறல்கூட இல்லாமல். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. சார் உள்ளே போய்விட்டார்.

"காப்பு எங்கடா?"

"பஸ்ஸுல ஏறும்போதே அத்துப் போட்டுட்டேன். அது அவனுக கலரும்மா. ஒனக்கு ஒண்ணுமே தெரியல."

"ஒனக்கு எப்படிறா தெரியும்?"

"ஆறாப்புலயே தெரியும். எந்தக் கொழாயில யாரு தண்ணி குடிக்கணும், பஸ்ஸுல எந்தப் பக்கம் யாரு நிக்கணும், எல்லாந் தெரியும். நீ எதுக்கு வேலைய விட்டுட்டு வந்த? பயலுக பாத்தா சிரிப்பானுக."

ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், பிள்ளை முழுசாக இருக்கிறான், அது போதும் என்றிருந்தது மாரிக்கனிக்கு. அழுதபடியே அவனை இழுத்து அணைத்தாள். அவன் புஜத்தில் சட்டைக்கு அடியில் ஒரு முடிச்சு விரலில் தட்டியது. அரைக்கைச் சட்டையை மேலே தூக்கினாள். வேறு இரண்டு நிறங்களில் ஒரு கயிறு, சதை பிதுங்க இறுக்கிக் கட்டியிருந்தது.

ஹரி சட்டென்று சட்டையை இறக்கிவிட்டு, சார் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான்.

"சாருட்டச் சொல்லிராத. இது நம்ம கலரு."

"யாருடா கட்டிவிட்டா?"

"நாந்தாம்மா எல்லாருக்கும் கட்டிவிடுறேன். நம்ம தெருவுல கட்டாதவன் ஒருத்தனையும் விடுறதில்ல."

பெருமையாகத்தான் சொன்னான். அடி வாங்கப்போகிற பிள்ளையைக் காப்பாற்ற ஓடிவந்தவள், ராபினின் மண்டையில் போட்ட தையலை நினைத்தாள். அவனை அடித்தது யார் என்று தெரசாளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது மகனிடம் கேட்கலாம். கேட்கப் பயந்து, பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.