இன்ஸ்பெக்டர் வீட்டு மெஷின்

“கடைசியா தொட்டது யாரு?”

இதைக் கேட்காமல் இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்ததே கிடையாது. போலீஸ் உத்தியோகமெல்லாம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைதான். பக்கத்துக் கடைத் தையல்காரர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. “நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு” என்று யாராவது சொன்னால் போதும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தானா நிக்க அதுக்கு உங்க மேல என்ன கோவம்?” என்பார். கழற்றிய திருகாணிகளை இரண்டு தடவை எண்ணுவார். டீ குடிக்கப் போனாலும் பென் டிரைவ் சட்டைப்பையில்தான். அக்காவும் தங்கையுமாக வந்தால் தனித்தனியாக விசாரிப்பார். பத்தில் ஒன்பது தடவை சந்தேகம் பலித்துவிடும், அதுதான் வினை. மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

போன சனிக்கிழமை காலை அவர் வீட்டு மெஷினே படுத்துவிட்டது. கறுப்புத் திரை, மேல்மூலையில் ஒற்றை வரி: தொடங்கத் தேவையான கோப்பு ஒன்றைக் காணோமாம். மனைவி ஆறு மாதமாக மொழிபெயர்த்த புத்தகம் முழுசும் அதற்குள்ளேதான் இருந்தது. அவளுடைய முதல் புத்தகம். பகல் பன்னிரண்டுக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை கேட்டாயிற்று. இன்னொரு முறை கேட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

“உன் தம்பி வேலைதான் இது,” என்றார் இன்ஸ்பெக்டர், உட்காருவதற்கு முன்பே.

“அவன் ஞாயித்துக்கிழமை வந்து ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டுப் போனான். அவனை எதுக்கு இழுக்கிறீங்க?”

“ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமா?”

விட்டாரா? மச்சினனுக்குப் போனைப் போட்டார். “மாப்ளே, சிஸ்டம் ஃபைலை எதுக்குடா நோண்டினே? ஒத்துக்கோ, ஒண்ணும் சொல்லமாட்டேன்.” அவன் “சத்தியமா தொடலை மாமா” என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தான். ஐந்தாவது தடவை, “இனிமே உங்க வாசப்படி ஏறினா கேளுங்க” என்று வைத்துவிட்டான். அக்காக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மணி பத்தரை. இன்ஸ்பெக்டர் பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பினார். முதல் காரியமாகப் புத்தகத்தை நகலெடுத்தார். ஓர் எழுத்தும் போகவில்லை. அவளுக்கு உயிர் வந்தது. பிறகு கையும் களவுமாகப் பிடித்துவிடும் உற்சாகத்தோடு சிஸ்டம் ஃபோல்டருக்குள் இறங்கினார். காணாமல் போன கோப்பு அங்கேயேதான் இருந்தது. பெயரின் வாலில் மட்டும் யாரோ ‘பழசு’ என்று ஒட்டியிருந்தார்கள். கை வைத்த நேரம்: வியாழன், பகல் ஒன்று நாற்பது.

இன்ஸ்பெக்டருக்குக் காது சூடேறியது. சந்தேகப்பட்ட கோப்பை அழிக்காமல் அப்படி வால் ஒட்டி வைப்பது அவருடைய கைப்பழக்கம். வியாழன் மதியம் சாப்பிட வந்தவர், மெஷினை ஒரு நோட்டம் விட்டார். பழக்கமில்லாத பெயரில் ஒரு கோப்பு கண்ணில் பட்டது. மச்சினன் எதையோ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று பெயரை மாற்றிவிட்டுக் கடைக்கு ஓடினார். வீட்டு மெஷினை யாரும் அணைப்பதில்லை. வெள்ளி மாலை மின்சாரம் போனபோதுதான் அது நின்றது. நின்றது, நின்றதுதான்; மறுநாள் காலை போட்டபோது எழவில்லை.

வாலை எடுத்துவிட்டுப் பழைய பெயரைக் கொடுத்தார். மெஷின் சமர்த்தாக எழுந்துகொண்டது.

“யாருங்க பண்ணது?” என்றாள் மனைவி.

வைரஸ் என்று சொல்லிவிடலாம். மின்சாரத்தின் மேல் பழியைப் போடலாம். அவள் நம்பியும் விடுவாள். ஊரையே குடைந்து கேட்ட மனுஷன், தான் சொல்லப்போகும் பொய்யை நினைத்துச் சீ என்று கூசிப்போனார்.

“முதல்ல புஸ்தகத்தை அனுப்பு.”

பதினொன்றே காலுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் போனை எடுத்து, மச்சினன் எண்ணை அழுத்தி, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். வெகுநேரம் மணி அடித்தது.

“என்ன வேணும்?” என்றது குரல்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.